காக்கைக்கு எட்டாத இடம்

தேன்சிட்டு கூடு கட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்காது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினால்தான் நிம்மதி. அதற்குக் காட்டுக்குப் போக வேண்டாம், தொலைநோக்கி வேண்டாம், விடியற்காலையில் எழுந்திருக்கக்கூட வேண்டாம். சென்னையில் எங்கள் அடுக்குமாடி வீட்டு பால்கனியில், துணி காயப்போடும் கொடியின் முடிச்சிலிருந்து ஒரு முழ நீளத்துக்குச் சணல் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் அதன் நுனியில்தான் நடந்தது. அன்று பிடித்த பித்து இன்றுவரை தெளியவில்லை, தெளியவும் வேண்டாம்.

வந்தது ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை அளந்தாலும் 10 சென்டிமீட்டர் தேறாது. ஆணுக்கு உச்சந்தலையில் பச்சை மினுமினுப்பு, மார்பில் கருஞ்சிவப்பு, வயிற்றில் பளிச்சென்ற மஞ்சள். பெண்ணுக்கு இந்த ஜொலிப்பெல்லாம் கிடையாது. ஆனால் இடம் பார்ப்பதும் கட்டுவதும் அநேகமாக முழுக்க முழுக்க அவள் வேலை. முதலில் ஜன்னல் கம்பியில் வந்து உட்கார்ந்தாள். அப்புறம் மணி பிளான்ட் கொடியைப் பற்றிக்கொண்டு ஆடிப் பார்த்தாள். மேல்வீட்டிலிருந்து தொங்கும் கேபிள் ஒயரில் தலைகீழாகத் தொங்கினாள். கடைசியில் அந்தச் சணல் நுனியைப் பிடித்து, உடம்பை இப்படியும் அப்படியும் திருப்பி, கயிறு எவ்வளவு சுழல்கிறது என்று சோதித்தாள். இது ஒரு காலை வேளையோடு முடியவில்லை. மறுபடி மறுபடி வந்து அதே இடங்களைப் பார்த்துவிட்டுப் போனாள். அவசரமே இல்லை அவளுக்கு. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் 'கட்டேன், கட்டேன்' என்று அடித்துக்கொண்டது.

ஒருநாள் பால்கனி மூலையில் இருந்த ஒட்டடையை அலகால் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்க் கயிற்றில் சுற்றினாள். அதுதான் அஸ்திவாரம்! சிலந்தி நூல் ஒட்டும், இழுத்தால் நீளும், லேசில் அறாது. குஞ்சுகள் வளர வளரக் கூடும் அகன்று இடம் கொடுப்பது அதனால்தான். அம்மா வழக்கம்போல ஒட்டடைக் கம்போடு வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் நிலைமையைப் பார்த்துவிட்டு, "அந்த மூலையை விட்டுடுடா, அதுக்கு நூல் வேணும்ல" என்று கம்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வருஷம் எங்கள் பால்கனியில் ஒட்டடை அடிக்கவே இல்லை.

நூலுக்கு மேல் நார், காய்ந்த இலைத் துணுக்கு, மரப்பட்டைச் செதில், கம்பளிப்புழுவின் எச்சம்! தூரத்திலிருந்து பார்த்தால் காற்றில் மாட்டிக்கொண்ட குப்பை தொங்குவதாகத்தான் தெரியும், கூடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதுதானே வேண்டும்! கொஞ்சம் உருவம் வந்ததும் உள்ளே புகுந்து, மார்பால் சுவரை அழுத்தி அழுத்தி வட்டமாக்கினாள். வாசலுக்கு மேலே சின்னதாக ஒரு தாழ்வாரம் நீட்டினாள். மழைச்சாரல் உள்ளே அடிக்காது. உட்பக்கத்துக்கு இலவம்பஞ்சு. ஆண் ஒவ்வொரு நடைக்கும் அவள் பின்னாலேயே பறந்து வந்தான், கீச்சுக் கீச்சென்று பேசிக்கொண்டே திரும்பிப் போனான். இரண்டு முட்டை, இரண்டு வாரம் அடை. குஞ்சு வந்த பிறகு இரண்டு பேரும் ஓயாமல் பூச்சி கொண்டுவந்து திணித்தார்கள். தேன் குடிக்கும் பறவைதான், ஆனாலும் பிள்ளைக்குப் பூச்சிதான். என் முகத்துக்கும் கூட்டுக்கும் நடுவில் இருந்ததெல்லாம் ஒரு ஜன்னல் கண்ணாடி மட்டும். இதைவிடப் பெரிய பாக்கியம் வேறென்ன வேண்டும்?

சரி, ஊரில் இத்தனை மரம் இருக்கும்போது ஏன் அந்தச் சணல் நுனி? அவளுடைய எதிரிகள் யார் யார் என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். முதல் எதிரி காக்கை. பிறகு அணில், பூனை, ஓணான். மரம் அடர்ந்த தெருவென்றால் செம்போத்தும் வால்காக்கையும் கிளை கிளையாகத் துழாவிக்கொண்டு வரும், இரண்டுமே குஞ்சு தின்னிகள். புதர் ஒட்டிய வீடென்றால் சாரைப்பாம்பு. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உட்காரவோ ஊன்றவோ இடம் வேண்டும். மெல்லிய கயிற்று நுனியில் காக்கை உட்கார முடியாது, அந்தரத்தில் நின்றபடி கொத்தவும் அதற்கு வராது. அணில் இறங்கினால் கயிறு சுழலும். அதனால்தான் காலிங்பெல் ஒயர், போர்ட்டிகோ விளக்கின் சங்கிலி, அறுந்து தொங்கும் கேபிள் என்று நாம் அசிங்கம் என்று ஒதுக்குகிற நுனிகளாகத் தேடிப் பிடிக்கிறது இந்தச் சிட்டு. மேலே சன்ஷேடு இருந்தால் இன்னும் விசேஷம்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை எனக்குச் சொன்னவர் எங்கள் தெருமுனைப் புங்கமரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன். அவர் தலைக்கு மேலே, கைக்கு எட்டுகிற உயரத்தில், ஒரு தேன்சிட்டுக் கூடு. "வருஷா வருஷம் இங்கதான் சார் கட்டுது. பகல் பூரா நான் நிக்கிறேன்ல, காக்கா கிட்ட வராது. அதுக்கு அது தெரிஞ்சிருக்கு" என்றார். எவ்வளவு சரியான பேச்சு! மனிதர்களிடம் கூச்சம் குறைந்த சின்னப் பறவைகள், தங்கள் எதிரிகளை ஒதுக்கி வைக்க மனிதர்களையே வேலியாக்கிக்கொள்கின்றன என்று பறவை ஆய்வாளர்கள் பல ஊர்களில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். வாசற்படிக்கு மேலே, திண்ணைக்கு மேலே, நாம் நாளுக்கு நூறு தரம் போய்வரும் வழிக்கு மேலே அவை கட்டுவது அறியாமையால் இல்லை. நம்மைக் கணக்கில் வைத்துத்தான் கட்டுகின்றன. இதை நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கும். நம் நடமாட்டத்தை ஒரு சிட்டு இத்தனை நுணுக்கமாகக் கவனித்திருக்கிறது!

மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணனை இந்த இடத்தில் வணங்கத்தான் வேண்டும். 1950 முதல் 1996ல் தன் இறுதிவரை கட்டுரைத் தொடர் எழுதிய இயற்கையாளர். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு வீட்டு முற்றத்துக் காக்கையையும் அணிலையும் எழுதியவர்.

தையல்சிட்டுக்கு வருகிறேன். அதன் குரல் தெரு முழுக்கக் கேட்கும், கூடு மட்டும் கண்ணில் படாது. நகரத்தில் அது தேடுவது அகலமான, உயிருள்ள, காம்போடு ஒட்டியிருக்கிற இலை. மொட்டைமாடித் தொட்டியில் இருக்கும் கத்தரிச் செடி போதும், காம்பவுண்டு ஓரத்துப் பாதாங்கன்று போதும். இடுப்புயரம்கூடத் தேவையில்லை. இலையைச் சுருட்டி, விளிம்போரமாக அலகால் ஓட்டை போட்டு, பஞ்சு இழையையோ சிலந்தி நூலையோ உள்ளேயிருந்து வெளியே இழுக்கிறது. முடிச்சு எதுவும் கிடையாது. வெளியே வந்த இழை பிரிந்து பொத்தான்போல அகன்று நின்றுவிடுகிறது, திரும்பி உள்ளே போவதில்லை. ஓட்டை அத்தனை பொடிசு என்பதால் இலை பழுக்காமல் பச்சையாகவே இருக்கிறது. சுற்றிலும் பத்து இலை, நடுவில் ஓர் இலைக்குள் குடும்பம்! பூதக்கண்ணாடி வைத்து, குஞ்சுகள் போன பிறகு, அந்தத் தையலை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்தவர்கள் அதற்கப்புறம் இயற்கை என்ற வார்த்தையைச் சும்மா சொல்ல மாட்டார்கள்.

குஞ்சுகள் போன பிறகு என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஆசையில் செல்போனை நீட்டிக்கொண்டு கூட்டருகே நிற்பவர்களை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: காக்கை நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நாம் எங்கே அடிக்கடி எட்டிப் பார்க்கிறோமோ அங்கே அதுவும் எட்டிப் பார்க்கும். இலையை விலக்கினால் மறுபடி சேர்த்து வையுங்கள் என்றுகூடச் சொல்ல மாட்டேன், விலக்கவே வேண்டாம்.

காக்கையை நான் வெறுக்கவில்லை. அதுவும் இடம் பார்ப்பதில் மன்னன்தான். வேம்பின் உச்சிக் கவட்டையையோ செல்போன் கோபுரத்தையோ பிடித்து, குச்சியோடு இரும்புக் கம்பியையும் கலந்து முறுக்கி வைக்கும். காற்றுக்கும் அசையாது. அத்தனை கெட்டிக்காரக் காக்கையின் கூட்டிலேயே குயில் முட்டையிட்டுவிட்டுப் போகிறது என்றால் குயில் எவ்வளவு நாள் உட்கார்ந்து அதை நோட்டம் விட்டிருக்கும்! கோடையில் விடாமல் கேட்கிற அந்தக் கூவலுக்குப் பின்னால் இப்படி ஒரு வேவு நடக்கிறது.

பொந்துக்காரர்களின் பாடுதான் நகரத்தில் கஷ்டம். செம்மார்புக் குக்குறுவான் என்ற பச்சைப் பறவை, 'டொங்க், டொங்க்' என்று ஒரே தாளத்தில் நாளெல்லாம் தட்டுகிற குரல் அதனுடையது. தன் பொந்தைத் தானே குடைந்துகொள்ளும். ஆனால் அதற்குப் பட்டுப்போன, மெத்தென்ற கிளை வேண்டும். முருங்கை, கல்யாண முருங்கை என்றால் கொண்டாட்டம். எங்கள் பக்கத்து மனையில் முருங்கை ஒன்று பாதி காய்ந்து நின்றது. சாய்ந்த கிளையின் மேல்பக்கம் உட்கார வசதி, ஆனால் அது குடைந்தது அடிப்பக்கத்தில். மழை உள்ளே போகாது! ஆணும் பெண்ணும் முறை வைத்துக் குடைந்தன. தலை உள்ளே, வால் வெளியே. கொஞ்ச நேரத்துக்கொரு தரம் வாய் நிறைய மரத்தூளோடு வெளியே வந்து உதறிவிட்டு மறுபடி உள்ளே. மஞ்சள் தொண்டையும் சிவப்பு நெற்றியும் தூள் படிந்து கிடந்தன. காய்ந்த கிளை என்று யாரோ வெட்ட ஆள் கூட்டி வந்தபோது தெருவில் நாலைந்து பேர் சேர்ந்து நின்று பேசினோம், கிளை தப்பியது. பச்சை மரத்தைக் காப்பாற்ற எல்லோரும் வருவார்கள். பட்ட கிளைக்கும் யாராவது வரவேண்டும். குக்குறுவான் ஒரு பருவம் குடியிருந்துவிட்டுப் போன பொந்தில் அடுத்த பருவம் வேறொரு பறவை குடிவரும். தானே குடையத் தெரியாத அத்தனை பேருக்கும் அதுதான் வழி.

மரப்பொந்து கிடைக்காதவர்களுக்கு நம் முன்னோர்கள் கட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சாயங்காலம் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். சுதைப் பொம்மைகளின் இடுக்குகளில் கிளிகள், மைனாக்கள், மாடப்புறாக்கள். பழைய கோபுரங்களின் உள்ளறைகளில் இருட்டியதும் கூகை வெளியே கிளம்பும். எலியும் பெருச்சாளியும் நிறைந்த ஊரில் அதற்குச் சாப்பாட்டுப் பஞ்சமே இல்லை. சிட்டுக்குருவிக்கு மீட்டர் பெட்டியும் ஓட்டுக்கூரைச் சந்தும் தெருவிளக்கு சுவிட்சுப் பெட்டியும். நகரம் இல்லைதான், இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது: 2020ல் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தக்குடியில் தெருவிளக்கு சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சின்னப் பறவை முட்டையிட்டுவிட்டது என்று ஊரே ஒரு மாதத்துக்கும் மேல் தெருவிளக்கைப் போடாமல் இருட்டில் நடந்தது. அந்த ஊர்க்காரர்கள் யாரையாவது பார்த்தால் காலில் விழுவேன்.

மாடப்புறா மலைப்பாறை இடுக்கில் வாழ்ந்த பறவை. அதன் கண்ணுக்கு ஏசி வெளிப்பெட்டியின் தட்டும் ஒரு பாறைத் திட்டுதான். அது இருக்கட்டும், எல்லோரும் தினமும் பார்ப்பது. நாட்டு உழவாரனைப் பார்த்திருக்கிறீர்களா? பாலத்துக்கு அடியில், மண்டப விதானத்தில், இறகும் புல்லும் எச்சிலால் ஒட்டிய கூடுகள் கொத்துக் கொத்தாக இருக்கும். அந்த இறகையும் புல்லையும் பறந்தபடியேதான் அது சேகரிக்கிறது. கால்கள் அத்தனை குட்டை, கம்பியில் உட்காரவே வராது. சுவரைக் கவ்விக்கொண்டு தொங்கும். புறப்படும்போது கீழே விழுந்து, விழுகிற வேகத்திலேயே சிறகு விரிக்கும். அதனால் கூட்டுக்குக் கீழே வெறும் வெளி இருந்தாக வேண்டும். கூவத்தின் மேல் போகும் பழைய பாலத்தை அது ஏன் விரும்புகிறது என்று இப்போது புரிகிறதா? கீழே விழ இடம் உண்டு, தண்ணீர் மேலே கொசுவும் ஈயும் கோடிக்கணக்கில் உண்டு. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற இடத்தின் மேல் அந்தி நேரத்தில் அவை கீச்சிட்டுக்கொண்டு வளையமாகச் சுற்றும்போது எனக்குப் பேருந்தை விட்டு இறங்கிவிடத் தோன்றும், பல நாள் இறங்கியும் இருக்கிறேன். அதன் உறவினன் பனை உழவாரன், பனை ஓலையின் அடிப்பக்கத்தைத் தவிர வேறெங்கும் அநேகமாகக் கட்டாது. ஒரு மனையில் பனையை வெட்டினால் அந்த வட்டாரத்து வானத்திலிருந்தே ஒரு பறவை காணாமல் போய்விடுகிறது.

பருந்துகளுக்குச் சாப்பாடு முக்கியம். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு மேலே அவை வட்டமிடுவதைப் பார்க்காத சென்னைக்காரர் உண்டா? டெல்லியில் நிஷாந்த் குமாரும் அவர் குழுவினரும் பருந்துக் கூடுகளைத் தேடித் தேடிப் பதிவுசெய்து 2018ல் ஆய்வு வெளியிட்டார்கள். இறைச்சித் துண்டுகளை வானத்தில் வீசிப் பருந்துக்குக் கொடுக்கும் தர்மம் அங்குள்ள முஸ்லிம் குடும்பங்களில் உண்டு. அந்தக் குடியிருப்புகளையும், தெருவில் குப்பை சேரும் இடங்களையும் ஒட்டித்தான் கூடுகள் அதிகம் இருந்தன. ஒரு நகரத்தின் பக்தியைக்கூடக் கணக்கில் எடுத்துக்கொண்டு மரம் தேர்ந்தெடுக்கிறது அந்தப் பறவை! ஸ்பெயினின் தொன்யானாவில் இன்னொரு ஆய்வு நடந்தது, 2011ல் வெளிவந்தது. அங்கே பருந்துகள் கூட்டில் வெள்ளை பிளாஸ்டிக்கை வைத்து அலங்கரிக்கின்றன. வலுவான ஜோடிதான் அதிகம் வைக்கும். 'இந்த இடத்துக்கு நான் இருக்கிறேன், வராதே' என்று மற்றப் பருந்துகளுக்கு அது அறிவிப்பு. பலவீனமான ஜோடி அந்த வம்புக்கே போவதில்லை.

தூக்கணாங்குருவி இல்லாமல் இந்தப் பேச்சு நிறையாது. கேளம்பாக்கம் பக்கம் இன்னும் கட்டடம் ஏறாத குட்டை ஓரங்களில் பனையிலும் ஈச்சையிலும் கூடுகள் தொங்கும். ஆண் பாதி கட்டி நிறுத்துகிறது. அந்தக் கட்டத்தில் கூடு ஒரு தலைக்கவசம். அதன் நடுக்குறுக்கில் தொற்றிக்கொண்டு சிறகடித்துக் கூப்பிடும். பெண்கள் கூட்டமாக வந்து பரிசோதனை செய்யும். பிடித்தால்தான் மிச்சக் கூடு, குழாய் வாசல் எல்லாம். பிடிக்காவிட்டால் அப்படியே தொங்கும். ஒரு பெண் அமர்ந்ததும் ஆண் அடுத்த கூட்டை ஆரம்பித்துவிடும். இந்த ரகசியத்தை 1930ல் பம்பாய்க்குத் தெற்கே கீஹிம் கடற்கரையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து கண்டுபிடித்தவர் சாலிம் அலி. பெண் பார்ப்பது பின்னலின் அழகையா, இடத்தையா? சுஹேல் குவாடர் இதை ஆராய்ந்து 2006ல் எழுதினார். பின்னல் நேர்த்தியைவிடக் கூடு எங்கே இருக்கிறது என்பதற்குத்தான் பெண் அதிக மதிப்புக் கொடுக்கிறது என்று அவருக்குத் தெரியவந்தது. எவ்வளவு அழகாகப் பின்னினாலும் பாம்பு எட்டுகிற கிளையில் பின்னினால் அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

கடைசியாக ஆள்காட்டி. மரமே வேண்டாத பறவை. சரளைக் கல்லுக்கு நடுவே நாலு முட்டை இடும், கல் எது முட்டை எது என்று தெரியாது. பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுற்றி நிலமெல்லாம் கட்டடமானபோது அது என்ன செய்தது தெரியுமா? கட்டடத்தின் மேலேயே ஏறிவிட்டது. தண்டவாளச் சரளையிலும் தட்டையான மொட்டைமாடியிலும் ஆள்காட்டி முட்டையிடுவது பல ஊர்களில் பதிவாகியிருக்கிறது. வேளச்சேரியில் நண்பர் வீட்டு மாடியில், சூட்டுக்காகக் கொட்டியிருந்த வெள்ளைச் சரளையில், நானே பார்த்தேன். சித்திரை வெயில் கொளுத்துகிறது. பெற்றோரில் ஒன்று எழுந்து பறந்துபோய் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டையின் மேல் உட்காரும், மற்றது காவலுக்கு நிற்கும். நாய் வராது, மாடு மிதிக்காது, நாலு பக்கமும் எதிரி வருவது தெரியும். அந்த மாடியைவிட நல்ல இடம் அந்தப் பகுதியில் எனக்கும் தோன்றவில்லை.

பொரித்த மறுநாள் காலையில் பெற்றோர் இரண்டும் கீழே காலி மனையில் நின்று 'டிட்டிட்டூ, டிட்டிட்டூ' என்று கத்த ஆரம்பித்தன. பஞ்சுருண்டைக் குஞ்சுகள் கைப்பிடிச் சுவரின் தண்ணீர் போகும் ஓட்டை வழியாக ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து, குதித்தே விட்டன. எடையே இல்லாத உடம்பு, செடிப் புதரில் விழுந்து எழுந்து ஓடின. வாசலில் தண்ணீர் லாரி உள்ளே வருவதற்காக ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் தாத்தா கேட்டைத் திறக்கவே இல்லை. "இருப்பா, புள்ளைங்க ரோட்டைத் தாண்டுது" என்று குரல் கொடுத்துவிட்டு, நாலும் எதிர்மனைப் புல்லுக்குள் போகும்வரை கையை நீட்டி லாரியை நிறுத்தி வைத்தார். டிரைவரும் இறங்கி வந்து எங்களோடு நின்று பார்த்தார்.